ஆண்களுக்கான இரு வாரம்

நவம்பர் 2, ஞாயிறு

எஸ்தர் மேடம் இன்று வகுப்பில் நாட்குறிப்பு எழுதச் சொல்லிவிட்டார். பாடத்தின் பெயர் ‘சமூக மாற்றத்துக்கான பரப்புரையும் ஆதரவு திரட்டலும்’. இதில் நாற்பது மதிப்பெண் களப்பணிக்கு. ஆளுக்கு ஒரு பிரச்சாரத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே இருந்து எழுத வேண்டுமாம். பார்த்ததை மட்டும் எழுதாதீர்கள், உங்களுக்குத் தோன்றியதையும் எழுதுங்கள் என்றார். அரசு உத்தியோகத்தில் பதினான்கு வருடம் ஓட்டியவனுக்கு இரண்டாவது கொஞ்சம் சிரமம்.

நான் சுகாதார ஆய்வாளர். பவானி பக்கம் வேலை. பதவி உயர்வுக்கு உதவும் என்று முப்பத்தெட்டு வயதில் இந்த ஞாயிற்றுக்கிழமை எம்.ஏ.வில் சேர்ந்தேன். மற்றவர்கள் ஹெல்மெட், ரத்த தானம், நெகிழிப்பை என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இருந்தது ஒன்றுதான். இம்மாதம் 21ஆம் தேதி ஆண்களுக்கான கருத்தடை சிகிச்சை இருவார விழா தொடங்குகிறது. எங்கள் வட்டாரத்தில் அதன் பிரச்சாரப் பொறுப்பு என்னுடையது. சொன்னதும் வகுப்பு சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி வாணிக்குப் போன் செய்து இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். தன் அம்மாவுக்குக் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதாகவும் அப்புறம் பேசுவதாகவும் சொன்னாள். அப்புறம் கூப்பிடவில்லை. வேலையாக இருந்திருப்பாள்.

நவம்பர் 5, புதன்

கிராம சுகாதார செவிலியர் சரோஜினி சிஸ்டரும் நானும் ஆறு விசைத்தறிக் கூடங்களுக்குப் போனோம். தறிச் சத்தத்தில் கருத்தடை பற்றிக் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. ‘தழும்பு இருக்காது’ என்று நான் கத்த, தறி திடீரென்று நின்றுபோய், கூடம் முழுக்க அது மட்டும் கேட்டது.

மேடம் சொன்னபடி காரணங்களைக் கேட்டுக் குறித்தேன். பலம் போய்விடும், தறியில் நிற்க முடியாது என்றார்கள். ஊர் என்ன பேசும் என்றார் ஒருவர். பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: “அதான் பொம்பளைங்களுக்குப் பண்றாங்களேங்க, அப்பறம் நாம எதுக்குங்க?”

சிஸ்டர் வண்டியில் வரும்போது சொன்னார், போன வருடம் இந்த வட்டாரத்தில் பெண்கள் நானூற்றுச் சொச்சம், ஆண்கள் மூன்று.

வீட்டில் அம்மா தனியாக இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். வாணி தாராபுரத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. செப்டம்பர் 14ஆம் தேதி போனாள். அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்ததால் போனாள்.

நவம்பர் 9, ஞாயிறு

வகுப்பில் இன்று: செய்தி போய்ச் சேர்ந்தும் நகராத ஆள். அவனுக்குத் தகவல் தெரியாது என்று நினைத்து மேலும் மேலும் தகவலைக் கொட்டுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு என்றார் மேடம். அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் எதை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறான் என்று பாருங்கள் என்றார். தேர்வுக்கு வரும் என்று அடிக்கோடு இட்டுக்கொண்டேன்.

நவம்பர் 12, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ரகசிய எண் வாணியின் போனுக்குத்தான் போகும். சிலிண்டர்காரரை வாசலில் நிறுத்திவிட்டு அவளை அழைத்தேன். எடுக்கவில்லை. ஒரு நிமிடத்தில் நான்கு எண்கள் வந்தன. அவ்வளவுதான். முன்பெல்லாம் ஒரு வரி சேர்த்து அனுப்புவாள். ‘டியூப் செக் பண்ணிட்டு வாங்குங்க’ என்றாவது.

மச்சான் போனில் பேசும்போது, அத்தை நேற்று சந்தைவரை நடந்து போய் வந்தார்கள் என்றார். நடக்கிறார்களாம். நல்லது.

நவம்பர் 14, வெள்ளி

இன்று சந்தித்த ஒருவரைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். அறிக்கைக்குப் பயன்படும்.

குழந்தைவேலு, வயது முப்பத்து நான்கு. கூலிக்குத் தறி ஓட்டுகிறார். இரண்டு பெண் குழந்தைகள். மனைவி ரத்தினாவுக்கு இதய வால்வில் கோளாறு. இரண்டாவது பிரசவத்திலேயே உயிர் போய்த் திரும்பியிருக்கிறது. இன்னொரு கர்ப்பம் தாங்காது, அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்து, நீங்கள் செய்துகொள்வதுதான் நல்லது என்று டாக்டர்கள் இவரிடம் சொல்லி ஒரு வருடமாகிறது. சிஸ்டர் பதினோரு தடவை போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இவர் தலையாட்டுகிறார். மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆடி முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்கிறார்.

ரத்தினா எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு எட்டு நடந்ததற்கே மூச்சு வாங்கியது. அவருடைய ரிப்போர்ட்டுகள் ஒரு துணிப்பையில் இருந்தன. எடுத்துப் பார்த்தீர்களா என்று குழந்தைவேலுவிடம் கேட்டேன்.

“அதையெல்லாம் நான் தொடறதில்லீங்க,” என்றார். “தொட்டா, அடுத்து நீ என்ன பண்ணப்போறேன்னு கேக்கற மாதிரி இருக்குதுங்க.”

வெளியே வந்ததும் சிஸ்டரிடம் கோபமாகப் பேசிவிட்டேன். கட்டிக்கொண்டவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறாள், பத்து நிமிட வேலைக்கு இந்த மனிதனுக்கு ஒரு வருடமா என்றேன். சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். அவரும் வாணியும் பழக்கம். வாணியிடம்தான் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார்.

நவம்பர் 16, ஞாயிறு

வகுப்பு இல்லை.

காலையில் எதிர்வீட்டு அக்கா வந்து, வாணி தைத்து வைத்த ஜாக்கெட் இரண்டைக் கேட்டார். மருமகள் வளைகாப்புக்கு வேண்டுமாம். அலமாரியில் பைகளைக் கிளறினேன். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஊசியால் குத்தியிருக்கிறாள். அந்தக் கையெழுத்தைப் படித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். ‘மாரியம்மாள், கை நீளம் ஒரு இஞ்ச் குறைக்க.’ ‘செல்வி டீச்சர், முதுகு இறக்கம் வேண்டாம்.’

ஜாக்கெட் கிடைத்தது. அடியில் அவளுடைய மருத்துவக் கோப்பும் இருந்தது. ஸ்கேன்கள் ஒன்பது, கருக்குழாய்ப் பரிசோதனை இரண்டு, வயிற்றில் துளையிட்டுப் பார்த்தது ஒன்று. எல்லாவற்றிலும் கோளாறு இல்லை என்றே எழுதியிருந்தது. நடுவில் மூன்று சீட்டுகள் என் பெயரில். ‘தெய்வசிகாமணி, விந்தணுப் பரிசோதனை.’ மூன்றும் வெவ்வேறு வருடங்கள். அந்த நேரங்களில் நான் டெங்கு வேலையில் இருந்தேன். ஒரு வருடம் கொரோனா.

கோப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா போகும்போது, வளைகாப்புக்கு அம்மாவை மட்டும் வரச்சொன்னார். அம்மா வாங்கி வைத்த வெற்றிலையைக் காம்பு கிள்ளிக்கொண்டே, “அவ இருந்திருந்தாலும் கூப்புட்டிருக்க மாட்டாங்க,” என்றாள். குறையாகச் சொன்னாளா வருத்தமாகச் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

இருவார விழா தொடக்கம். பேரணி, உறுதிமொழி, துண்டறிக்கை, கேசரி. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நர்சிங் மாணவிகள். ஆண்கள் என்று பார்த்தால் எங்கள் ஓட்டுநரும் மைக் செட்டுக்காரரும்.

நவம்பர் 22, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணி டீக்குத் தறிக்காரர்கள் எல்லோரும் கூடத்துக்குப் பக்கத்திலுள்ள கடைக்கு வருவார்கள். சிஸ்டரும் நானும் அங்கே போய்ப் பேசினோம். பதினைந்து பேர் இருப்பார்கள். குழந்தைவேலுவும் ஓரமாக நின்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வயதான ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாஞ் சரிங்க சார், நீங்க பண்ணிக்கிட்டீங்களா?” என்றார்.

சிரிப்பில்லை. நிஜமாகவே கேட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

பண்ணிக்கொண்டேன் என்றேன். நான்கு வருடமாகிறது, இரண்டு பெண் குழந்தைகள், போதும் என்று நானும் வீட்டிலும் பேசி முடிவு செய்தோம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியவள் மூன்றாவது படிக்கிறாள், என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள் என்றேன். சின்னவள் சர்க்கரை இல்லாமல் இட்லி தொடமாட்டாள், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன அன்றே அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன் என்றேன். எங்கிருந்து வந்தது இதெல்லாம் என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்கவே இல்லை. வந்துகொண்டே இருந்தது.

சிஸ்டர் கையிலிருந்த துண்டறிக்கைகளை அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒருவர் குழந்தைவேலு.

திரும்பும் வழியில் சிஸ்டர் வண்டியை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினார். இறங்கும்போது, “வாணிக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க சார்?” என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

வகுப்பில் களநிலவரம் சொன்னோம். சொந்த அனுபவத்தைச் சொன்னதும் நான்கு பேர் முன்வந்தார்கள் என்றேன். யாருடைய சொந்த அனுபவம் என்று சொல்லவில்லை. மேடம் பாராட்டி, அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார்.

நவம்பர் 27, வியாழன்

குழந்தைவேலுவுக்குச் சிகிச்சை முடிந்தது. உள்ளே போகுமுன் கை சில்லிட்டிருந்தது. “உங்களுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சுங்களா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அரைமணி நேரத்தில் வெளியே வந்தார். ரத்தினா இரண்டு பெண்களோடு மரத்தடியில் காத்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து, வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். எல்லோருக்கும் முன்னால்தான். அவர் தடுக்கவில்லை.

இருவார விழாவிலேயே நல்ல நாள். எனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. பஸ் நிலையத்தில் தாராபுரம் வண்டி கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

டீக்கடையில் நான் பேசியதை யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். ஒன்றரை நிமிடம். ‘ஆபீசரே பண்ணிக்கிட்டார், நீங்க எப்போ?’ என்று தலைப்புப் போட்டு நான்கு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. விசைத்தறிக்காரர்கள் குழுவில் வந்து, அங்கிருந்து மச்சான் போனுக்கு வந்திருக்கிறது.

மத்தியானம் வாணி அழைத்தாள். இந்தப் பதினோரு வாரத்தில் அவளாக அழைத்தது இதுதான் முதல் தடவை. பெயரைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அது பத்து விநாடிதான் இருந்தது.

“அந்த ரெண்டு பொண்ணுக்கும் என்ன பேருங்க வெச்சிருக்கீங்க?” என்றாள்.

நான் எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

“இல்லீங்க, தெரிஞ்சுக்கலாம்னுதான். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது, பெத்தவளுக்குத் தெரியல.” குரலில் கோபமே இல்லை. “சின்னவ சக்கரை தொட்டுத்தான் இட்லி திங்கறாளாமா. எனக்கும் அப்பிடித்தாங்க தோணும். பொண்ணு பொறந்தா அப்பிடித்தான் அடம்புடிப்பான்னு. நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. நீங்க எப்பிடிங்க டீக்கடையில சொன்னீங்க?”

வாணி, என்றேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டாள்.

டிசம்பர் 1, திங்கள்

விடுப்பு எடுத்தேன். எதுவும் செய்யவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

குழந்தைவேலு வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் செய்துகொள்ளவில்லை, எனக்குக் குழந்தையே இல்லை, அன்று சொன்னது அத்தனையும் பொய் என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

அவர் ரத்தினாவைப் பார்த்தார். ரத்தினா குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

“எத்தன வருசமாச்சுங்க?” என்றார். கல்யாணமாகி எட்டு வருடம் என்றேன். “டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?” மனைவி காட்டினாள் என்றேன். “நீங்க?”

அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த உலகத்தில் அதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடிய மனிதர் அவர்தான் போலிருக்கிறது.

“நான் உங்கள நம்பிப் பண்ணிக்கலீங்க,” என்றார் கடைசியில். “அன்னைக்கு நீங்க ஒரு சாக்கா இருந்தீங்க, அவ்வளவுதான். ஆனா மத்த மூணு பேரு உங்க பேச்சக் கேட்டுத்தான் பேரு குடுத்தாங்க. அவங்களுக்குக் குடுத்த தேதி இன்னும் வரலை. அவங்ககிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது.”

டிசம்பர் 4, வியாழன்

இருவார விழா நிறைவு. பத்து மணிக்கு டீக்கடைக்குப் போனேன். சிஸ்டர் வேண்டாம் என்றார், பிறகு கூடவே வந்தார். எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். நான் சிகிச்சை செய்துகொள்ளவில்லை. எனக்குக் குழந்தை இல்லை. ஏன் இல்லை என்று பரிசோதனை செய்துகொள்ளும் தைரியமும் இதுவரை எனக்கு வந்ததில்லை. சிகிச்சையைப் பற்றி நான் சொன்ன மற்றதெல்லாம் உண்மை, என்னைப் பற்றிச் சொன்னது பொய்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். முதலில் கேள்வி கேட்ட பெரியவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பெயர் கொடுத்திருந்த மூவரில் ஒருவர் அங்கேயே பின்வாங்கினார். ஒருவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாமவர் மட்டும், “தேதி மாத்தாதீங்க சார், நான் லீவு சொல்லிட்டேன்,” என்றார்.

மருத்துவ அலுவலர் அறைக்கு அழைத்து எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். எங்கள் வட்டாரக் கணக்கு, தேதி வாங்கியவரையும் சேர்த்து: ஆண்கள் இருவர்.

டிசம்பர் 8, திங்கள்

போனேன்.

ஈரோட்டில் வாணி காட்டும் அதே மருத்துவமனை. இத்தனை வருடத்தில் வாசலில் அவளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறேனே தவிர உள்ளே வந்ததில்லை. பச்சை நிற நாற்காலிகள், ஒன்றோடொன்று இணைத்தவை. ஒருவர் அசைந்தால் வரிசை முழுவதும் அசைகிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வரிசையில் ஆறு பெண்கள், மூவர் தனியாக வந்தவர்கள். ஒருத்தி ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். வாணியும் இங்கே அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு.

சீட்டில் மனைவி பெயர் கேட்டார்கள். சொன்னதும் வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். “கோகிலவாணி அக்கா வீட்டுக்காரருங்களா? உங்களுக்கு அஞ்சு தடவ டோக்கன் போட்டு வெச்சிருந்தாங்களே.”

கோப்பில் நான் பார்த்தது மூன்றுதான்.

செப்டம்பர் 13ஆம் தேதி வாணி அந்த ஐந்தாவது சீட்டைக் கொண்டுவந்து டேபிளில் வைத்தாள். எனக்கென்ன கோளாறு, என்னை எதற்கு இழுக்கிறாய் என்றேன். அம்மா சமையலறையிலிருந்து, எங்க வமுசத்துல யாருக்கும் அப்பிடி இல்லை என்றாள். நான் அதை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தாராபுரத்திலிருந்து போன் வந்தபோது வாணி ஏற்கெனவே பை கட்டி வைத்திருந்தாள். அத்தைக்குக் கால் முறிந்தது அதற்கப்புறம்தான் தெரியும்.

பரிசோதனைக்கு எனக்கு ஆன நேரம் பதினைந்து நிமிடம். வலி எதுவும் இல்லை.

டிசம்பர் 10, புதன்

விந்தணு ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம்.

ஒரே தடவை பார்த்து முடிவு சொல்ல முடியாது, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். சின்ன வயதில் ஏதாவது நோய் வந்ததா என்று கேட்டார். பதினேழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததையும், கீழேயும் வீங்கி ஒரு வாரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததையும் சொன்னேன். காரணம் அதுவாக இருக்கலாம் என்றார். சுகாதார ஆய்வாளருக்கு இது தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. தெரியும். எல்லாம் தெரியும்.

டிசம்பர் 13, சனி

தாராபுரம் போனேன். அத்தைதான் கதவைத் திறந்தார்கள், கோல் இல்லாமல் நடந்து வந்து. சாப்பிடச் சொன்னார்கள். வாணி இளைத்திருக்கிறாள். காதுக்கு மேலே புதிதாக இரண்டு வெள்ளை முடி. அதை நான் பார்க்காமல் வந்திருக்கிறது.

ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். மடித்தாள். மடித்ததைத் திரும்பவும் மடித்தாள். எனக்கு அவள் அழுவாள் என்று பயம், திட்டினால் தேவலை என்றிருந்தது. இரண்டும் செய்யவில்லை. அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“போறப்ப பயமா இருந்துச்சுங்களா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

“எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான் இருக்கும்.”

வீட்டுக்கு வா என்று கேட்டேன். அவள் காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “என்கிட்ட எதுக்குங்க கொண்டாந்து காட்டறீங்க? என்கிட்டக் கோளாறு இல்லைன்னு எனக்கு ஆறு வருசமாத் தெரியும். ஆறு வருசமும் சஷ்டி சஷ்டிக்குப் பட்டினி கெடந்தேன். வளைகாப்பு வீட்ல வாசலோட நின்னேன். உங்கம்மா ஒவ்வொருத்தர்கிட்டயும், எம்மருமகளுக்குத்தான் வயித்துல தங்கலைன்னாங்க. நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்றீங்களே, அவங்க ஒருத்தருக்குச் சொல்லுங்க. நான் வாரதும் வராததும் அப்பறம்.”

வழியனுப்ப அவள் வாசலுக்கு வரவில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே புடவையை எடுத்து, கொடியில் போட்டு, மறுபடி எடுத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லவில்லை. மூட்டு வலி என்று படுத்திருந்தாள்.

டிசம்பர் 17, புதன்

சொல்லவில்லை. சித்தி வந்திருந்தார்.

டிசம்பர் 21, ஞாயிறு

மேடத்திடம் அறிக்கை கொடுத்தேன். பொய்யையும் அதைத் திரும்பப் பெற்றதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். மதிப்பெண் குறையும் என்றார். பரவாயில்லை என்றேன்.

வீட்டில் சொல்லவில்லை. மார்கழிக் குளிர் போகட்டும் என்று நினைத்தேன். நினைத்ததுமே குழந்தைவேலு ஞாபகம் வந்தது. ஆடி முடியட்டும், தீபாவளி முடியட்டும்.

டிசம்பர் 26, வெள்ளி

இரண்டாவது பரிசோதனையும் அதேதான். இன்னும் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன, வேறு வழிகளும் இருக்கின்றன, தத்து எடுப்பதும் ஒரு வழி, எதுவானாலும் அடுத்த தடவை இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள் என்றார் டாக்டர். சரி என்றேன்.

டிசம்பர் 27, சனி

காலையில் அம்மா கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். துண்டறிக்கையில் எழுதுகிற வார்த்தைகள்தான் எனக்குத் தெரியும். அவை ஒன்றும் அங்கே உதவவில்லை.

“அம்மா, கொறை எங்கிட்டத்தான்,” என்றேன். “வாணிகிட்ட ஒண்ணுமில்லை. ரெண்டு தடவை பாத்தாச்சு. எனக்குத்தான் இல்லை.”

அம்மா உருவிக்கொண்டே இருந்தாள். காது கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். பொன்னுக்கு வீங்கி பற்றி டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவள் கை நின்றது.

“கழுத்துல என் சங்கிலியப் போட்டு வூட்லயே வெச்சிருந்தேன்,” என்றாள். “உங்கப்பன் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போலாம்னாரு. நாந்தான் வேண்டாம்னேன். எல்லாப் பசங்களுக்கும் வாரதுதானேன்னு.”

அது உன் தப்பில்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இப்படியே ஆகியிருக்கலாம் என்றேன். அவள் அதைக் கேட்கவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் புள்ளைய என்னென்ன சொன்னேன்,” என்றாள். “நீ பக்கத்துல இருந்தியே. ஒருவாட்டியாச்சும் நிறுத்தும்மான்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பனே சாமி.”

இருவரும் மிச்சக் கீரையை உருவினோம். அம்மா அதை அலசி அடுப்பில் வைத்தாள். மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் வாணிக்கு ஒரு வரி அனுப்பினேன். ‘அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.’ படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு வாணி அழைத்தாள். எடுத்ததும், “அத்தைகிட்டக் குடுங்க,” என்றாள்.

கொடுத்தேன். அம்மா இரண்டு கையாலும் போனை வாங்கிக் காதோடு வைத்து, “கண்ணு,” என்றாள். நான் வாசலுக்கு வந்து, நேற்றே கழுவிய வண்டியை மறுபடி கழுவினேன். உள்ளே அம்மாவின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. வார்த்தை தெரியவில்லை. ஒருமுறை அழுதாள். ஒருமுறை நெடுநேரம் சத்தமே இல்லை, அந்தப் பக்கம் வாணி பேசிக்கொண்டிருந்திருப்பாள். நான் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று தோன்றியது. கேட்க வேண்டும் என்றும் இருந்தது.

அரைமணி நேரம் கழித்து அம்மா வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பேசி முடித்துவிட்டாள் என்று நினைத்து ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்க நீட்டினேன்.

“வெக்கலை,” என்றாள் அம்மா. “இருக்கறா. பேசு.”